வெற்றிலை வாங்க வந்தவன்

போலீஸ் சுருக்கெழுத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பழைய ஆள் ஒருவன் நாலு வார்த்தை சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முன்வரிசையில் மூன்று பேர் தலையாட்டுகிறீர்கள். உங்களை நான் நம்பவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். சந்தேகப்படுவதற்கென்றே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவனுக்குப் பென்ஷன் வந்த பிறகும் அந்தப் புத்தி போவதில்லை. வீட்டில் காப்பி கொஞ்சம் நன்றாக இருந்தால்கூட, இன்றைக்கு என்ன சமாசாரம் என்றுதான் என் கண் சமையலறைப் பக்கம் போகும்.

கோட்டை எப்படி இழுப்பது, புள்ளியை எங்கே வைப்பது என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் அதற்கு வரவில்லை. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் எழுதி, குற்றம் செய்யாத ஒரு மனிதரை நான் ஜெயிலுக்கு அனுப்பினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அது யுத்த காலம். எனக்குத் தென்காசியில் வேலை. மேடையில் யார் என்ன பேசினாலும் எதிரே உட்கார்ந்து எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் நம்முடைய இரண்டு பழைய இதிகாசங்களும் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று கூட்டம் எழுதியிருக்கிறேன். கதர்ச் சட்டைக்காரர் ஒருவர், பத்துத் தலை அரசன் என்பது வெள்ளைக்காரன்தான் என்று குறிப்பாகச் சொன்னார். குற்றாலத்தில் சர்க்காரே ஏற்பாடு செய்த பாகவதர் ஒருவர், அதே பத்துத் தலையையும் ஜெர்மனிக்காரன் கழுத்தில் வைத்துப் பாடினார். மூன்றாம் நாள் சந்தைப் பக்கத்தில் பேசிய இளைஞர், அந்தத் தலைகளை அறுத்ததே அநியாயம், கதையே நம்மை ஏமாற்றக் கட்டியது என்று முழங்கினார். மூவருக்கும் நல்ல கைதட்டல். கதை ஒன்றுதான், அதை வேண்டாதவர் யாரும் இல்லை. இதையெல்லாம் எழுதி எழுதி எனக்கு ஒரு எண்ணம் ஊறிப்போயிருந்தது: இந்தக் காலத்தில் பழைய கதையை ஒருவன் சும்மா எடுக்க மாட்டான், எடுத்தால் உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறான்.

அந்த வருஷம் சாரல் பொய்த்துவிட்டது. ஆடி பிறந்தும் மலையில் மேகம் இறங்கவில்லை. குற்றாலத்தில் அருவி விழுகிற பாறை வெள்ளையாக உலர்ந்து கிடந்தது. சீசனுக்கென்று குடும்பத்தோடு வந்து பங்களாக்களில் தங்கியிருந்த பெரிய அதிகாரிகள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களைக் கவனிக்கிற பொறுப்பு எங்கள் இன்ஸ்பெக்டருக்கு. தண்ணீர் வராததற்கும் தானே காரணம் என்பதுபோல மனிதர் குன்றிப்போயிருந்தார்.

அப்போதுதான் சுந்தரபாண்டியபுரத்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரிலிருந்து அனுமதி கேட்டு மனு வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே உங்களில் ஒருவர் நோட்டோடு அங்கே போய் நிற்பீர்கள். மழை பொய்த்தால் அந்த ஊரில் இதிகாசத்தில் ஒரு பகுதியை வாசிப்பார்கள். நாடிழந்த ஐந்து சகோதரர்கள் ஒரு வருஷம் வேற்று ராஜ்யத்தில் மாறுவேஷத்தில் ஒளிந்திருக்கிறார்களே, அந்தப் பகுதி. அதை முறையாக வாசித்து முடித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. கோயில் மண்டபத்தில் ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பாட்டை ராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பொருள் சொல்வார். பதினான்கு நாள். மண்ணெண்ணெய் கிடைக்காத சமயம் என்பதால் மத்தியானம் தொடங்கி வெயில் தாழ்வதற்குள் முடித்துக்கொள்வதாக மனுவில் எழுதியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "பொருள் சொல்லுதவரு ஒரு வாத்தியாரு. முன்ன ஒருதரம் மறியல்ல உள்ள போனவரு. அவரு வாயத் திறந்தா ஒண்ணு விடாம எழுதும். பாட்டை விட்டுரும். அது என்னைக்கோ செத்துப்போன புலவன் பாடுனது, அவனை நாம என்ன செய்ய? மப்டியில போவும் வே, யாருக்கும் தெரியக்கூடாது."

நான் வெற்றிலை வியாபாரியாகப் போனேன். அந்த ஊரில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு, வியாபாரி என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது என் சாமர்த்தியம். ஏடு வாசிக்கிறவரே ஒரு கொடிக்கால்காரர் என்பது எனக்குத் தெரியாது. சண்முகவேல் என்று பெயர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, இதுல கற்பூர வெத்தல எது, நாட்டு வெத்தல எது?"

நான் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "சரி அண்ணாச்சி, உக்காருங்க" என்றார். சற்று நேரத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வச்சு எழுத வசதியா இருக்கும்லா" என்றாள். நான் அதற்கும் அசடு வழியச் சிரித்து, வியாபாரக் குறிப்பு எழுதுகிறவன்போல நோட்டைப் பிரித்தேன். மாறுவேஷக் கதை கேட்க மாறுவேஷத்தில் போன லட்சணம் இது.

ஆறு நாள் வாத்தியார் சொன்ன பொருளை எழுதினேன். ஒன்றும் இல்லை. ராஜ்யம், அரண்மனை, மாடு மேய்ப்பு, சமையல், இவ்வளவுதான். இவ்வளவு ஒழுங்காக ஒரு பழைய மறியல்காரர் பேசுவதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஏழாம் நாள். சண்முகவேல் ஒரு பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடி முடியவில்லை, பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழக்கமாகப் பாட்டு அவர்களுக்குப் புரியாது. வாத்தியார் பொருள் சொன்ன பிறகுதான் 'அய்யோ' என்பார்கள், 'ஆமா' என்பார்கள். பொருள் சொல்வதற்கு முன்பே ஏன் சிரிக்கிறார்கள்? பாட்டை மறுபடி ஒருமுறை வாசித்தார், அப்போது எழுதிக்கொண்டேன். அரண்மனையில் சமையல்காரனாக ஒளிந்திருப்பவன் வாயில் வருகிற பாட்டு. தூரதேசத்தில் நடக்கிற தன் சண்டைக்கு, நம் வீட்டு நெல்லைக் கேட்கிறான் அரசன். அளக்க வருகிறவன் குதிருக்குள் தலையை விட்டுத் தேடட்டும், உள்ளே பல்லி ஒன்றுதான் உட்கார்ந்திருக்கும். இதுதான் பாட்டின் சாரம். வாத்தியார் அதற்குப் பொருளே சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில் ஊர் ஊராகப் போய் யுத்தத்துக்கு நெல் கொள்முதல் செய்துகொண்டிருந்தார்கள். நெற்குதிரைத் திறந்து காட்ட மறுப்பவர் மேல் வழக்கு. இந்தப் பாட்டு, அப்பட்டமாக, கொடுக்காதே என்று சொல்கிறது! தந்திரம் எனக்கு விளங்கிவிட்டதாக நினைத்தேன். போலீஸ் பொருளை மட்டும் எழுதும் என்று தெரிந்துகொண்டு, பாட்டுக்குள் புதுச் சரக்கை வைத்திருக்கிறார்கள். வாத்தியார் எழுதிக் கொடுத்திருப்பார், இவர் ராகம் போட்டு வாசிக்கிறார்.

எனக்கு ஒரே சந்தோஷம், மறைப்பானேன்! நான் தமிழ் வித்வான் பரீட்சைக்குப் படித்துப் பாதியில் விட்டவன். இந்தப் போலீஸ் கூட்டத்தில் யாப்பு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு. மறுநாள் காலையில் தென்காசியில் ஒருவர் வீட்டில் அச்சுப் புத்தகத்தை வாங்கி, அந்தப் பகுதி முழுவதையும் விரல் வைத்துப் படித்தேன். குதிரும் இல்லை, பல்லியும் இல்லை. அப்படி ஒரு பாட்டே புத்தகத்தில் கிடையாது.

ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"இன்னும் ஏழு நாளுதானே வே? வாசிச்சு முடிக்கட்டும். மழை வந்த பொறவு பிடிச்சா ஓடியா போயிருவான்?"

"நான் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன் ஐயா" என்றேன். எழுதிவிட்டால் அது காகிதம். காகிதத்தை இன்ஸ்பெக்டரும் விழுங்க முடியாது. அன்று மத்தியானமே எட்டாம் நாள் வாசிப்பு தொடங்குவதற்கு முன் சண்முகவேலை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வாத்தியார் மேல் வழக்கு நிற்கவில்லை. அவர் அந்தப் பாட்டுக்கு ஒரு சொல்கூடப் பொருள் சொல்லவில்லை என்று என் நோட்டே சாட்சி சொன்னது.

நான்கு நாள் கழித்துக் குற்றாலத்தில் உலர்ந்த அருவிக்குப் பக்கத்தில் அதிகாரிகள் குடும்பத்துக்குக் காவலாக நின்றிருந்தேன். பேச்சியம்மாள் வந்தாள். ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முந்தானையில் ஒரு கவுளி வெற்றிலை.

"வெத்தல வாங்க வந்தீய, வாங்காமப் போயிட்டீய. இந்தாங்க."

லஞ்சம் என்று நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அந்தப் பாட்டை அவுக கட்டல ஐயா. ஏட்டுல இருக்கு. எங்க மாமியாரு காலத்துலயும் வாசிச்சிருக்கு. ஒரு நட எங்க ஊருக்கு வந்து ஏட்டைப் பாருங்க. பாத்துட்டு உங்க மனசுக்கு என்ன படுதோ அதை எழுதுங்க."

"ஏட்டை நீங்கள் இங்கே கொண்டுவரலாமே?"

"வாசிப்பு தொடங்கிட்டா முடியுத வரைக்கும் ஏடு எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினா மழையும் அதுகூடப் போயிரும்பாங்க. பாதியில நிக்கி. நாங்க எப்படி எடுத்துட்டு வருவோம்?" வெற்றிலையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "தினமும் அவுக நூறு குடம் ஊத்துவாக. நான் ஒத்த ஆளு அறுபதுக்கு மேல முடியல. கொடி தலை தொங்குது. சீக்கிரம் வந்து பாருங்க."

ஆறு மைல் தூரம். மாட்டுவண்டியில் போனால் ஒரு காலைப் பொழுது. நான் போகவில்லை. ஏன் என்று கேளுங்கள். உண்மையாக ஏட்டில் இருந்தால் எதற்காக ஒளிக்க வேண்டும், எல்லைக் கல்லாவது மண்ணாவது என்று நினைத்தேன். அவ்வளவுக்கு அவள் கூப்பிடுகிறாள் என்றால் இதற்குள் புதிதாக ஒரு ஓலையை எழுதிச் செருகியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். காட்டாவிட்டாலும் குற்றம், காட்டினாலும் குற்றம். சந்தேகம் இந்த அளவுக்கு வந்துவிட்டால் அதற்குமேல் நமக்குக் கண் எதற்கு, காது எதற்கு? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

விசாரணையில் சண்முகவேல் ஒரே பதிலைத்தான் சொன்னார். "ஏட்டுல இருக்கு ஐயா. ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க." மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். அச்சுப் புத்தகத்தைக் காட்டினேன். ஆளை அனுப்பலாமா என்று கேட்டார். நான் சொன்ன பதில் இப்போதும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "பிரயோசனம் இல்லை ஐயா. இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுத்தாணி எல்லா ஊரிலும் கிடைக்கும்."

ஆறு மாதம் என்று தீர்ப்பானது. சண்முகவேல் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெற்றிலையை நீட்டிக் கேட்ட அன்றைக்கு எப்படிப் பார்த்தாரோ அப்படியே பார்த்தார்.

அந்த வருஷம் மழை பெயருக்குத்தான் பெய்தது. அடுத்த வருஷமும் சாரல் இல்லை. ஊரார் மறுபடி மனு போட்டார்கள். புதிதாகத் தொடங்குவதில்லையாம், எட்டாம் நாளிலிருந்து தொடருவார்களாம். இன்ஸ்பெக்டர் மனுவை என்னிடம் தள்ளினார். "உம்ம பாட்டுக்காரன்தான் வே. நீரே போம்." இந்தத் தடவை மாறுவேஷம் இல்லை.

போகிற வழியிலேயே அவருடைய கொடிக்கால் இருந்தது. கொடி ஏறியிருந்த அகத்தி மரங்கள் மட்டும் வரிசையாக மொட்டையாக நின்றன. கீழே ஒரு பச்சை இலை இல்லை. கொடிக்காலை ஒரு வாரம் விட்டாலே போய்விடும், ஆறு மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

மண்டபத்தில் சண்முகவேல் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க அண்ணாச்சி. தொடங்குறதுக்கு முன்ன ஒண்ணு பாத்திருங்க." ஏட்டைப் பிரித்து ஒரு ஓலையை என் முன்னால் வைத்தார்.

பாட்டு இருந்தது. எண்ணெயும் மையும் ஏறிக் கருத்த ஓலை. பூச்சி அரித்த ஓட்டைகள் ஓலையின் குறுக்கே ஓடியிருந்தன. 'பல்லி' என்ற சொல்லின் நடுவே ஒரு ஓட்டை. எழுத்தின் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. முதலில் எழுத்து, பிறகு பூச்சி. நேற்று எழுதிய எழுத்தைப் போன தலைமுறைப் பூச்சி எப்படித் தின்னும்? சந்தேகப்பட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வழியில்லை.

"இது யார் பாடியது?" என்றேன்.

"தெரியாது அண்ணாச்சி. பாளையக்காரங்க சண்டைக் காலத்துல ஒரு பஞ்சத்துக்கு இந்த ஊர்ல வாசிச்சவரு சேத்ததுன்னு சொல்லுவாக. மழை பொய்ச்சு வாசிக்கும்போதெல்லாம் அந்த வருசத்துக் கஷ்டத்தை ஒரு பாட்டா எழுதிச் சேக்குறது எங்க ஊர் வழக்கம். இந்தா, இது மாடு செத்த வருசம். இது காலரா வந்த வருசம்." ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. காவியத்துக்கு நடுவே, காவியத்தின் யாப்பிலேயே.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. பாட்டு முடிவதற்கு முன்பே பெண்கள் ஏன் சிரித்தார்கள்? பல்லி வரப்போகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். போன பஞ்சத்தில் கேட்டது, அதற்கு முந்தியதில் அவர்கள் தாய்மார் கேட்டது. அதனால்தான் வாத்தியாரும் பொருள் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. புதுப் பாட்டுக்கு எவரும் முன்னால் சிரிக்க முடியாது. அவர் நிரபராதி என்பதற்கான சாட்சி என் காதிலேயே விழுந்தது. அதைத்தான் நான் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு ஓடினேன். என் நோட்டில் சிரிப்புக்குக் கோடு கிடையாது. அதனால் அது எந்த இடத்தில் வந்தது என்று நான் எழுதவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர், "நேரமாச்சு அண்ணாச்சி" என்று போய் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மாள் அதே பலகையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. போலீஸ்காரன் அழக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனாலும் குனிந்து பென்சிலைச் சீவினேன்.

ஏழு நாளும் எழுதினேன், பாட்டையும் சேர்த்து. கடைசி நாளில் சண்முகவேல் ஏட்டின் கடைசியில் இருந்த ஒரு புது ஓலையை எடுத்தார். வெளுப்பு மாறாத ஓலை. அந்த வருஷத்துப் பாட்டு. ஐந்து பேர் மாறுவேஷத்தில் இருந்த ஊருக்கு ஆறாவதாக ஒருவன் மாறுவேஷத்தில் வந்தான். வெற்றிலை வாங்க வந்தேன் என்றான், எந்த இலை எது என்று அவனுக்குத் தெரியவில்லை. பலகை கொடுத்தோம், உட்கார்ந்து எழுதினான். அவன் எழுதி முடித்து எழுந்து போனபோது, அந்தத் தோட்டத்தில் வாங்குவதற்கு ஓர் இலையும் இல்லை.

மூன்றாவது அடி வரை கவனித்துக் கேட்டார்கள். பலகை வந்ததும் மண்டபம் முழுவதும் சிரித்தது. கடைசி அடிக்கு யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார், பொருள் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மழை வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டு நாளில் சாரல் பிடித்தது. நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனபோது அவர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருந்தார்.

"கடைசிப் பாட்டு புத்தகத்துல இருக்கா வே?"

"ஏட்டில் இருக்கிறது ஐயா. நான் கண்ணால் பார்த்தேன்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இன்றைக்கும் அந்த இதிகாசங்களுக்கு ஓய்வில்லை. சினிமாக்காரர் எடுக்கிறார், தேர்தலில் நிற்கிறவர் எடுக்கிறார், இதுதான் சுத்தப் பிரதி என்று சண்டை போடுகிற பண்டிதரும் எடுக்கிறார். நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள். சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் ஆறு மைல் நடந்து போய்ப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள். சிரிப்பு எந்த இடத்தில் வந்தது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அங்கே மறுபடி மழை தவறியது. நான் வேட்டி துண்டோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. சண்முகவேல் இப்போது இல்லை, வேறொருவர் வாசித்தார். என் பாட்டு வந்தது. வெற்றிலை வாங்க வந்தேன் என்றான் என்று அவர் இரண்டாவது அடியைத் தொடங்கினார். அடி முடியவில்லை, பெண்கள் சிரித்துவிட்டார்கள்.